மங்கிய படகு மறுபடி மின்னுமா?



ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம்ம கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள்தான். தமிழ்நாட்டில் 2017 முதல் 61 நாள். இந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி எஞ்சின் வேலை, பலகை வேலை, பெயின்ட் வேலை எல்லாம் பார்ப்பார்கள். "கலர் செத்துப் போச்சு, புதுசா அடிச்சிடலாம்" என்று பெரியவங்க சொல்றதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வருமானம் இல்லாத மாதங்களில் பெயின்ட் டின் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். ஆனால் கலர் உண்மையிலேயே செத்துப் போச்சா? பல நேரம் இல்லை! மேலே தோல் மட்டும்தான் கெட்டிருக்கும்.

பளபளப்பு எங்கே போகிறது?

பெயின்டில் முக்கியமாக இரண்டு பொருள் உண்டு. ஒன்று நிறத்தைத் தரும் பொடி. இன்னொன்று அந்தப் பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பிசின். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. பிடிமானம் போனதும் பொடி மேலே வந்து சுண்ணாம்பு மாதிரி நிற்கும். மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமாக ஆகிவிடும்.

அறிவியல் பாடத்தில் படித்தோமே, ஒழுங்கான எதிரொளிப்பு, ஒழுங்கற்ற எதிரொளிப்பு என்று! வழவழப்பான பரப்பில் ஒளி ஒரே திசையில் திரும்பும், அதான் பளபளப்பு. சொரசொரப்பில் நாலா பக்கமும் சிதறும், அதான் மங்கல். கூடவே உப்பும் டீசல் புகையும் படிந்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் சோதனை

1. நல்ல தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். சில படகுக்கு இதுவே போதும், அழுக்குதான் காரணம்.

2. காய்ந்த பிறகு ஒரு கறுப்புத் துணியால் தேயுங்கள். துணியில் மாவு மாதிரி ஒட்டினால் பிசின் கெட்டிருக்கிறது.

3. அந்த இடத்தை ஈரமாக்கிப் பாருங்கள். பழைய நிறம் பளிச்சென்று தெரிகிறதா? தண்ணீர் பள்ளங்களை நிரப்பியதால் அப்படித் தெரிகிறது. அடியில் நல்ல பெயின்ட் இருக்கிறது, மீட்கலாம் என்று அர்த்தம்.

4. பெயின்ட் உரிந்து, வெடித்து, பலகை தெரிந்தால் மெருகு போடுவது வீண். அங்கே புதுசாக அடிக்கத்தான் வேண்டும். மரத்துக்குள் தண்ணீர் போகாமல் காப்பது பெயின்ட்தான், அழகு அப்புறம்தான்.

இனி வேலை

காலையிலோ நிழலிலோ செய்ய வேண்டும். சூடான பலகையில் மருந்து உடனே காய்ந்துவிடும். முதலில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் செய்து பார்க்க வேண்டும்.

ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய துணியில் எடுத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். இது பொடி படிந்த மேல் தோலை மட்டும் எடுக்கும். அதில் சரியாகவில்லை என்றால்தான் உப்புத்தாள். அதுவும் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் 1000 நம்பர் தாள், அப்புறம் 1500, அப்புறம் 2000. நம்பர் கூடக் கூட தாள் மென்மையாகும். முடிவில் மறுபடியும் காம்பவுண்ட்.

இங்கேதான் கவனம்! ஃபைபர் படகின் வெளித்தோலான ஜெல் கோட் சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும். ஒரு பூச்சு எனாமல் பெயின்டோ அதைவிட ரொம்ப மெல்லிசு. அழுத்தித் தேய்த்தால் அடிப்பூச்சு தெரிந்துவிடும். துணியில் படகின் நிறம் வருவது சகஜம். வேறு நிறம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். விளிம்பும் மூலையும்தான் முதலில் போகும். பதிவு எண் எழுதிய இடத்தில் தேய்க்கவே கூடாது.

கடைசியில் மெழுகு. கழுவிக் காய வைத்து, மெல்லிசாகப் பூசி, சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். மெழுகு இல்லாவிட்டால் வந்த மினுமினுப்பு சீக்கிரம் போய்விடும். மேலே ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. பரவி நின்றால் மறுபடி போட வேண்டும். இந்த வருஷமே பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் மெழுகு வேண்டாம், அதன் மேல் பெயின்ட் ஒட்டாது.

தேங்காய் எண்ணெய், டீசல் தடவினாலும் மின்னுமே என்பார்கள். மின்னும், இரண்டு நாளைக்கு! அப்புறம் தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

தொடக்கூடாத இடம்

தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகத்துக்கு மெருகு வேண்டவே வேண்டாம். பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க அங்கே அடிப்பது நஞ்சுள்ள பெயின்ட், பெரும்பாலும் செம்பு கலந்தது. தேய்த்தால் பெயின்டும் போகும், நஞ்சு நம்ம மேலும் படும்.

பழைய பூச்சுகளில் ஈயமும் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் உலர்ந்த உப்புத்தாளால் தூசி பறக்கத் தேய்க்கக் கூடாது. முகத்தில் மாஸ்க், கீழே தார்ப்பாய் வேண்டும். தம்பி தங்கைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கையைக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

★ டிரைபியூட்டைல் டின் என்ற பொருளைப் படகின் அடிப் பெயின்டில் கலந்தார்கள். அது சிப்பி, நத்தைகளைக் கெடுத்ததால் உலக நாடுகள் 2001-ல் ஒப்பந்தம் செய்தன. 2008-ல் தடை நடைமுறைக்கு வந்தது.

★ மெருகு மெழுகில் சேர்க்கும் கார்னோபா, பிரேசிலில் வளரும் ஒரு பனை வகை மரத்தின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. நம்ம பனைக்குச் சொந்தக்காரன்!

செய்து பாருங்கள்

நம்ம பள்ளிக்கூட இரும்பு கேட்டில் வெயில் படும் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் துணியில் அதிகப் பொடி ஒட்டுகிறது? ஏன்? பதிலை எழுதி இந்தச் சுவரிலேயே ஒட்டுங்கள். அடுத்த தடைக்காலத்தில் வீட்டில் பெயின்ட் வாங்கக் கிளம்பும்போது சொல்லுங்கள்: "அப்பா, முதல்ல கழுவித் துடைச்சுப் பார்ப்போம்!"