உஷார்! விடாத பிரேக், பிடிக்காமலும் போகும்!

பிரேக் பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் பதறுவோம். பிடித்த பிரேக் விடவில்லை என்றால்? 'வண்டி கொஞ்சம் இறுக்கமா ஓடுது' என்று சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டுவோம். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இறங்கும்போதுதான் அந்த அலட்சியம் பல்லைக் காட்டும். டிஸ்க் பிரேக்கில் பேடை அழுத்தும் காலிபர் ஜாம் ஆனால் சக்கரத்தைச் சூடாக்கும், சூடு பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கும், மிதித்த பெடல் அடிவரை போய் உட்கார்ந்துவிடும். மலைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்!

எங்கே சிக்குகிறது?

பெடலை மிதித்ததும் ஆயிலின் அழுத்தம் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் தள்ள, பேட் போய் டிஸ்க்கைக் கவ்வுகிறது. காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க அங்கே ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல், தள்ளும்போது லேசாக வளைந்து, பிறகு நிமிரும். நிமிரும்போது பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். சக்கரம் தடையில்லாமல் சுழல அந்த மயிரிழை போதும்.

பிஸ்டனை மூடியிருக்கும் டஸ்ட் பூட் என்ற ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய் பிஸ்டன் துருப்பிடிக்கும். சீலால் அதை இழுக்க முடியாது. கடலோர ஊர்க்காரர்கள், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள், வெள்ளத்தில் வண்டி நனைந்தவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

இன்னொரு இடமும் உண்டு. பெரும்பாலான கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். இரண்டு பின்களின் மேல் காலிபரே நகர்ந்துதான் வெளிப்பக்க பேடையும் அழுத்துகிறது. பின்னில் கிரீஸ் காய்ந்து துரு ஏறினால் உள்பக்க பேட் மட்டும் வேகமாகத் தேயும். அலாய் வீல் வழியாக எட்டிப் பார்த்து 'பேட் இன்னும் தடிமனா இருக்கே' என்று நிம்மதி அடையாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது வெளி பேட். உள்ளே இருப்பது தகடு வரை தேய்ந்திருக்கலாம்!

வண்டி காட்டும் அறிகுறிகள்

பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதே வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அந்தப் பக்கத்துக் காலிபர் விடாமல் இருக்கலாம். பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால், எதிர்ப்பக்கத்துக் காலிபர் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம். வீல் அலைன்மென்ட்டுக்கு ஓடும் முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். கருகிய வாடை, ஒரு சக்கரத்தில் மட்டும் அதிகமாகப் படியும் கறுப்புத் தூள், திடீரென்று குறையும் மைலேஜ், இவையும் அறிகுறிகளே.

கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். தொடாதீர்கள், தோல் வெந்துவிடும்! ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் குற்றவாளி. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது. டிஸ்க் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம்.

ஆயில் விஷயத்தில் ஏமாறாதீர்கள்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் விதி கேட்பது 140 டிகிரிதான். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். மிதிப்பதெல்லாம் ஆவியை அமுக்கவே போய்விடும், பேடுக்கு அழுத்தமே வராது. வண்டியின் கையேட்டில் வேறு கணக்கு இல்லையென்றால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

காலிபரா, ஓஸா?

சக்கரம் இறுகியதும் 'காலிபரையே மாத்தணும் சார்' என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். வண்டியைச் சமதளத்தில் ஸ்டாண்ட் மேல் நிறுத்தி, சக்கரம் இறுகிய நிலையிலேயே காலிபரில் காற்றை வெளியேற்ற இருக்கும் ஏர் நிப்பிளைத் தளர்த்தச் சொல்லுங்கள். ஆயில் பீறி வந்து சக்கரம் விட்டுவிட்டால், அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது. காலிபருக்கு ஆயில் கொண்டுவரும், உள்ளுக்குள் நைந்த ஓஸோ, மாஸ்டர் சிலிண்டரோ காரணம். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டனோ, பின்னோ சிக்கியிருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் கண்ணை மூடாதீர்கள்

* சீலையும் பூட்டையும் பெட்ரோல், டீசலில் கழுவ விடாதீர்கள். ரப்பர் ஊதிப்போய் காலிபர் மறுபடி ஜாம் ஆகும். பின்னுக்கு சாதாரண கிரீஸும் ஆகாது. ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும்.
* பிஸ்டனில் துருக்குழி விழுந்திருந்தால் எமரி தாளால் தேய்த்துப் போடுவது ஆபத்து. பிஸ்டனை மாற்ற வேண்டும். சிலிண்டரே கீறியிருந்தால் காலிபரை மாற்ற வேண்டும்.
* கழற்றிய காலிபரை ஓஸில் தொங்க விடக் கூடாது. கம்பி போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.
* பின்சக்கர டிஸ்க்கில் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்திருந்தால், பல கார்களில் பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே தள்ள முடியும். கிளாம்ப் போட்டு நெரித்தால் உடையும்.
* இடது, வலது காலிபர் மாறினால் ஏர் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலேயே தங்கி, பெடல் பஞ்சு போல அமுங்கும்.
* ஒரு பக்க பேடை மட்டும் மாற்றுவது வேண்டாம். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். டிஸ்க்கின் தடிமனையும் அதில் பொறித்த குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து சாவி கைக்கு வந்ததும் வண்டியை எடுத்துவிடாதீர்கள்! பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை மிதித்து, ஆயில் அளவைப் பார்த்து, ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே சாலைக்கு வாருங்கள்.

மலையில் இறங்கும்போது கருகல் வாடை வந்தால் 'கீழே போய்ப் பார்த்துக்கலாம்' என்று நினைக்காதீர்கள். சின்ன கியருக்கு வந்து, அகலமான இடத்தில் ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆறியதும் பெடல் கெட்டியாகிவிட்டாலும் நம்பி ஓட்ட வேண்டாம். மெக்கானிக்கையோ இழுவை வண்டியையோ வரச் சொல்லுங்கள். இந்த நிலை வராமல் இருக்க, பயணத்துக்கு முந்தைய வாரமே நான்கு சக்கரத்தையும் கழற்றி, பின்னும் பிஸ்டனும் நகர்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். 'அதெல்லாம் தேவையில்லை' என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்பை விட்டு வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.