சருகு சமைக்கும் சாப்பாடு

ஊட்டி, குன்னூர், வால்பாறை பக்கம் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? அங்கே தேயிலைச் செடிகளுக்கு நடுவே உயரமான சில்வர் ஓக் மரங்கள் நிற்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த மரங்களை நிழலுக்காக நட்டிருக்கிறார்கள். மரத்தடியில் சருகுகள் மெத்தை போலக் கிடக்கும். 'இதைப் பெருக்கக் கூடாதா?' என்று தோன்றுகிறதா? கூடாது! அது செடிகளின் சாப்பாடு.

தேயிலைச் செடியில் 'இரண்டு இலை, ஒரு மொட்டு' என்று கொழுந்தைத்தான் பறிப்பார்கள். 100 கிலோ தேயிலைத் தூளில் சுமார் 4 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. அத்தனையும் மண்ணிலிருந்து வந்தது. பறிக்கப் பறிக்க மண்ணின் சத்து குறைந்துகொண்டே போகும். அதை ஈடுகட்டத்தான் உரம் போடுகிறார்கள். சருகும் தன் பங்குக்குக் கைகொடுக்கிறது.

எப்படி? கீழே விழுந்த இலையை மரவட்டை, கரையான், மண்புழு போன்றவை கடித்துத் துண்டு துண்டாக்கும். பிறகு பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதை மட்கச் செய்யும். இலையில் இருந்த சத்துகள் மண்ணில் சேரும். வேர்கள் அவற்றை உறிஞ்சும். மறுபடியும் இலை துளிர்க்கும். இதுதான் சத்துகளின் சுழற்சி.

எல்லா இலையும் ஒரே வேகத்தில் மட்காது. மெல்லிய கல்யாண முருங்கை இலை சீக்கிரம் மட்கும். தடித்த சில்வர் ஓக் இலைக்கு நாளாகும். ஆனால் அதுவரை மலைச்சரிவில் மழை மண்ணை அரிக்காமல் அது காக்கும்!

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடுவார்கள். இதற்குப் பெயர் கவாத்து. வெட்டிய தடித்த கிளைகள் அடுப்பெரிக்க உதவும். இலைகளையும் சிறு குச்சிகளையும் மட்டும் அங்கேயே விட்டுவிட வேண்டும். சத்து அதிகம் இருப்பது இலையில்தான். எரித்தால் தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும்.

நீங்களே சோதித்துப் பாருங்களேன்! கொசுவலைத் துணியில் இரண்டு சிறு பைகள் தையுங்கள். ஒன்றில் முருங்கை இலை, இன்னொன்றில் மாவிலை போட்டு ஈர மண்ணில் புதையுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். எது அதிகம் மட்கியிருக்கிறது? விஞ்ஞானிகளும் இப்படித்தான் வலைப்பையில் இலையைப் போட்டு ஆராய்கிறார்கள்.

அடுத்த முறை பள்ளியிலோ வீட்டிலோ யாராவது சருகுக்குத் தீ வைக்கப் போனால், "மரத்தடியிலேயே போட்டுவிடலாமே!" என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் சொல்லத்தான் உங்களுக்குத் தெரியுமே!