பளிங்கு வளைவது எப்படி?

பெரிய கட்டடங்களின் தரையில் பதிக்கப்பட்ட பளிங்குக் கற்களைக் கவனித்திருப்பீர்கள். வெண்ணிறப் பரப்பில் சாம்பல் நிறக் கோடுகள் அலை அலையாக நெளிந்து ஓடும். அவற்றை யாரும் வரையவில்லை. ஒரு காலத்தில் அந்தக் கல்லே வளைந்ததன் தடயங்கள் அவை. கீழே விழுந்தால் உடையும் கல், எப்படி வளைந்தது?

பளிங்கு ஓர் உருமாற்றப் பாறை. கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், நிலத்தின் ஆழத்தில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்படும்போது அதன் துகள்கள் மீண்டும் படிகங்களாக வளர்கின்றன. அதுவே பளிங்கு. இத்தகைய பாறையைக் காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 272 படிகள் ஏறிச் சென்றடையும் பத்துமலைக் குகை, இவ்வாறு படிகமான சுண்ணாம்புப் பாறையில்தான் அமைந்துள்ளது. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கிலும் லங்காவித் தீவுகளிலும் பளிங்கு உண்டு.

கல் வளையும் என்பதை ஆய்வுக்கூடத்திலும் நிரூபித்துள்ளனர். ஃபிராங்க் ஆடம்ஸ், ஜான் நிக்கல்சன் ஆகியோர் 1901ஆம் ஆண்டில் தங்கள் சோதனை முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் இத்தாலியின் கராரா பளிங்கை உருளையாகச் செதுக்கி, இரும்புக் குழாய்க்குள் இறுக்கி வைத்து, மெதுவாக அழுத்தினர். சிதறிப் போக வழியில்லாததால் கல் நொறுங்கவில்லை. பீப்பாயைப்போல் நடுவில் புடைத்தது.

ஆயினும், எல்லாப் பளிங்கும் ஒரே அளவில் வளைவதில்லை. அதில் கலந்திருக்கும் கனிமங்களே அதனைத் தீர்மானிக்கின்றன. பளிங்கின் முதன்மைக் கனிமம் கால்சைட். இதன் படிகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அழுத்தம் வரும்போது ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மீது எளிதில் நழுவும். அதனால், சில நூறு பாகை வெப்பநிலையிலேயே கால்சைட் உடையாமல் உருமாறும். சில பளிங்குகளில் டோலமைட் என்னும் கனிமமும் உண்டு. கால்சியத்தில் ஏறக்குறையப் பாதியின் இடத்தை இதில் மக்னீசியம் பிடித்திருக்கும். அதே வெப்பநிலையில் டோலமைட் எளிதில் நழுவாது; விறைப்பாக நின்று, இறுதியில் உடையும்.

இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ரொட்டி சானாய் மாவுத் துண்டுகள் இரண்டின் நடுவே ஒரு பிஸ்கட்டை வைத்து மெல்ல அழுத்துங்கள். மாவு பரவும், பிஸ்கட் துண்டு துண்டாக உடையும், துண்டுகளின் இடைவெளியை மாவு நிரப்பும். இயற்கையிலும் கால்சைட் மாவைப்போலவும், டோலமைட் அடுக்கு பிஸ்கட்டைப்போலவும் நடந்துகொள்கின்றன. வரிசையாக நிற்கும் டோலமைட் துண்டுகளைக் கண்டால், பாறை எத்திசையில் இழுபட்டது என்பதைப் புவியியலாளர்கள் அறிந்துகொள்வர்.

களிமண்ணிலிருந்து உருவாகும் மைக்காவின் பங்கு வேறு. இதன் மெல்லிய தகடுகள் கால்சைட் படிகங்கள் பெரிதாக வளரவிடாமல் தடுக்கின்றன. சிறிய படிகங்கள் மிகுந்த வெப்பத்தில் ஒன்றையொன்று உரசி நகரும். ஆகவே, சிறிதளவு மாசு கலந்த பட்டையே சில வேளைகளில் தூய பட்டையைவிட அதிகமாக நெளிந்திருக்கும்.

இந்த அறிவு கட்டடக் கலைக்கும் தேவை. கால்சைட் படிகம் சூடானால் ஒரு திசையில் விரியும். அதற்குக் குறுக்குத் திசையில் சுருங்கும். வெயிலும் குளிரும் மாறி மாறி வந்தால் படிகங்களுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்து, மெல்லிய பலகை மெதுவாக வளைந்துவிடும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1970களில் கட்டப்பட்ட ஒரு வானளாவிக்குக் கராரா பளிங்குப் பலகைகள் பொருத்தப்பட்டன. இருபது ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில் அவை வளைந்து வலுவிழந்தன. அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு பலகை விழுந்தாலும் உயிருக்கே ஆபத்து. எனவே, 1990 முதல் 1992 வரை ஏறத்தாழ 43,000 பலகைகளும் அகற்றப்பட்டுக் கிரானைட் பலகைகள் பொருத்தப்பட்டன.

கல்லின் அழகு கண்ணுக்குத் தெரியும். அதன் குணம் உள்ளிருக்கும் கனிமங்களில் அடங்கியுள்ளது. எனவே, ஒரு கல்லை எங்கே பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யுமுன், அது எவற்றால் ஆனது என்பதை ஆராய்வது அவசியம்.