மெலிந்த இளங்குதிரைகளுக்கு உணவூட்டல்

மெலிந்த இளங்குதிரைகளுக்கு உணவூட்டல் என்பது, வயதுக்குரிய எடையை எட்டாத குட்டிகளையும் மூன்று நான்கு வயதுக்குட்பட்ட குதிரைகளையும் படிப்படியாகத் தேற்றும் முறையாகும். எலும்பு தெரியும் குட்டிக்குத் தானியத்தை அள்ளி வைப்பதே வழி என்று பலர் கருதுகின்றனர். ஆனால் பட்டினியை விட அந்த அவசரமே சில குதிரைகளைக் கொன்றுவிடுவதுண்டு.

குதிரையின் மெலிவை அளக்க 1983-இல் டெக்சாசு ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் ஹென்னகி வகுத்த 1 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறை பரவலாகப் பயன்படுகிறது. கழுத்து, முதுகுத்திமில், தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வாலடி ஆகிய ஆறு இடங்களும் கையால் தடவிப் பார்க்கப்படுகின்றன. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் அது 5, நல்ல நிலை. 1 என்பது எலும்பும் தோலுமான நிலை. குட்டிகளின் அடர்ந்த குளிர்கால மயிர் மெலிவை மறைத்துவிடும் என்பதால் பார்வையை மட்டும் நம்பக்கூடாது.

மெலிவுக்குக் காரணம் தீவனக் குறைவாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. தாய்ப்பால் மறந்த குட்டிகளில் உருளைப்புழுத் தொல்லை மிகுதி. புழு நிறைந்த குட்டிக்குக் கடுமையான மருந்தைக் கொடுத்தால் செத்த புழுக்கள் திரண்டு சிறுகுடலை அடைத்துவிடலாம். எனவே மருந்தைக் கால்நடை மருத்துவரே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டரை வயதிலிருந்து பால்பற்கள் விழும்போது ஏற்படும் வலியாலும் சில குதிரைகள் சரியாக மெல்லாமல் இளைக்கும்.

நெடுநாள் பட்டினி கிடந்த குதிரையின் நிலை வேறு. அதன் உடலில் பாசுபரசு, மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் இருப்பு வற்றியிருக்கும். திடீரென மாவுச்சத்து மிகுந்த தானியம் உள்ளே சென்றால் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் எஞ்சியிருக்கும் இந்தத் தாதுக்களையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் இதயமும் மூச்சும் தளர்ந்து, உணவு கிடைத்த சில நாட்களிலேயே குதிரை இறக்கக்கூடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாக ஆய்வாளர்கள் பட்டினி கிடந்த குதிரைகளுக்குப் பல தீவனங்களைக் கொடுத்துப் பார்த்து, குதிரை மசால் உலர்தழையே ஏற்றது எனக் கண்டனர். அதில் மாவுச்சத்து குறைவு. புரதமும் மேற்கண்ட தாதுக்களும் அதிகம். வளர்ந்த குதிரைக்கு முதல் மூன்று நாட்கள் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ அரை கிலோ வீதம் கொடுத்து, பத்து நாட்களில் மெல்ல உயர்த்துவது அவர்கள் பரிந்துரை. குட்டிக்கு அதன் எடைக்கேற்பக் குறைக்க வேண்டும். இழந்த எடை முழுவதும் திரும்பப் பல மாதங்கள் ஆகும்.

ஓரளவே மெலிந்த குட்டிக்கும் நிதானம் தேவை. ஒரு வயதில் குதிரை தன் முழு உயரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. எடையிலோ மூன்றில் இரண்டு பங்குதான். அந்த வயதில் கொழுக்க வைத்தால் எலும்பு முனைகளிலுள்ள குருத்தெலும்பு சரிவர இறுகாமல் மூட்டுக் கோளாறு வரலாம். மேலும், குதிரையின் இரைப்பை சிறியது. வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. ஒரே வேளையில் மிகுதியாகத் தின்ற தானியம் பெருங்குடலில் புளித்து, கடும் வயிற்றுவலியையும் குளம்பழற்சியையும் உண்டாக்கும்.

தவிடு மலிவாகக் கிடைக்கிறதென்று அதையே நம்புவது பழைய தவறு. தவிட்டில் சுண்ணாம்புச்சத்தைவிடப் பாசுபரசு பல மடங்கு அதிகம். அதை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுப்பதால் முக எலும்பு வீங்கும். உணவில் சுண்ணாம்புச்சத்து பாசுபரசை விடக் குறையாமல் இருக்க வேண்டும்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது தமிழ்ப் பழமொழி. குதிரைத் தீவனமாகப் பெயர்பெற்ற கொள்ளு ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுக்கப்படும் நல்ல புரத உணவுதான். ஆயினும் அது புல்லுக்குத் துணையே தவிர மாற்றன்று. பழமொழியின் எள்ளுக்கும் ஒரு பொருத்தம் உண்டு: எண்ணெய், மாவுச்சத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் ஆற்றல் தரும், பெருங்குடலில் புளிப்பதில்லை. பட்டினி நிலை கடந்த குட்டிகளுக்குத் தாவர எண்ணெயைச் சிறிதளவில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் உயர்த்துகின்றனர்.

முன்னேற்றத்தை அறிய, வாரம் ஒருமுறை ஒரே வேளையில் ஒரே நாடாவால் மார்புச் சுற்றளவை அளந்து குறித்து வைப்பது வழக்கம்.