தீங்குதரும் புறநரம்பு உறைக் கட்டி (சிறுவர்)

தீங்குதரும் புறநரம்பு உறைக் கட்டி என்பது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உள்ள நரம்புகளின் உறையில் தோன்றும் அரிய புற்றுநோய் ஆகும். இது மென்திசுச் சார்க்கோமா வகைகளுள் ஒன்று. இக்கட்டி கண்டோரில் ஏறத்தாழ பாதிப்பேர் நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் வகை 1 என்னும் மரபியல் நோய் உடையவர்கள். அந்நோயாளிகளுக்கு வாழ்நாளில் இக்கட்டி வரும் வாய்ப்பு 8 முதல் 13 விழுக்காடு. பெரும்பாலும் இளம் வயதுவந்தோரிடம் காணப்பட்டாலும், சிறுவர்களும் இதற்கு விலக்கல்லர்.

காரணம்

நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் வகை 1 சுமார் 3000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. 17ஆம் நிறப்புரியில் உள்ள மரபணு பழுதடைவதால், உயிரணுப் பெருக்கத்தை அடக்கும் நியூரோஃபைப்ரோமின் என்னும் புரதம் குறைகிறது. ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பெற்றோரிடம் இந்நோய் இருப்பதில்லை. மரபணு மாற்றம் புதிதாகவே ஏற்படுகிறது. பல குழந்தைகளுக்குப் பிறவியிலேயே பின்னல் வடிவ நரம்பு நார்க்கட்டி அமைந்திருக்கும். இது புற்றுநோய் அன்று. ஆயினும் இதிலுள்ள சுவான் உயிரணுக்களில் மேலும் சில மரபணுக்கள் இழக்கப்படும்போது தீங்குதரும் கட்டி உருவாகிறது.

அறிகுறிகள்

உடலில் ஏற்கெனவே கட்டிகள் உள்ள குழந்தை என்பதால், புதிய மாற்றம் எளிதில் கவனத்துக்குத் தப்பிவிடுகிறது. விடாத வலி (குறிப்பாக உறக்கத்தைக் கலைக்கும் வலி), கட்டி விரைந்து பெருத்தல், மென்மையாக இருந்தது கெட்டியாதல், கை கால் வலுவிழத்தல் அல்லது மரத்துப்போதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும். எம்.ஆர்.ஐ., பெட் வருடல் ஆகியவை ஐயத்துக்குரிய பகுதியைக் காட்டும். திசுப் பரிசோதனையே நோயை உறுதிசெய்யும்.

திரைட்டன் கட்டி

நரம்பு உறைக் கட்டிக்குள் எலும்புத்தசை உயிரணுக்களும் காணப்படுமாயின் அது திரைட்டன் கட்டி எனப்படும். பெயர் சற்று விந்தையானது. திரைட்டன் என்பது ஒருவகைச் சலமாண்டர். அதன் முதுகில் கால் நரம்பைப் பொருத்தியபோது கூடுதல் கால் முளைத்ததாகக் கூறும் பழைய ஆய்விலிருந்து இப்பெயர் வந்தது.

சிகிச்சை

கட்டியைச் சுற்றியுள்ள நலமான திசுவுடன் சேர்த்து முழுமையாக அகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. பெரிய நரம்பையும் இழக்க நேரிடலாம் என்பதால் இம்முடிவு எளிதன்று. வேதிச்சிகிச்சையின் பயன் குறைவு. கதிர்வீச்சு உதவக்கூடும் என்றாலும், இம்மரபியல் நோய் உள்ள குழந்தைகளில் அது பிற்காலத்தில் வேறு புற்றுநோயைத் தூண்டக்கூடும். 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செலுமெட்டினிப் மருந்து, அறுவை செய்ய இயலாத பின்னல் வடிவக் கட்டிகளுக்கு உரியது. புற்றாக மாறியவற்றுக்கு அன்று.