கடன் ரத்தும் ஆஸ்பத்திரி வாசலும்



சில மாதங்களுக்கு முன் நான் பிரசங்கிக்கப் போயிருந்த ஒரு சபையில், ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார்: "ஐயா, ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்ய ஜெபிக்கும்படி எழுதியிருந்தீர்களே. வாங்கின கடனைக் கட்டுவதுதானே முறை? நாங்களெல்லாம் கட்டவில்லையா?" கேட்டவர் கஞ்சர் அல்ல. வருஷந்தோறும் நம்முடைய பிள்ளைகள் வார்டுக்குப் போர்வை வாங்கித் தருகிறவர். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அன்றைக்கு அவசரமாகப் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவிலுள்ள ஜாம்பியா 1964-ல் சுதந்திரம் அடைந்தது. அதன் ஏற்றுமதி வருமானம் ஏறக்குறைய முழுவதும் தாமிரத்திலிருந்துதான் வந்தது. 1970-களின் நடுவில் தாமிர விலை விழுந்தது. எண்ணெய் விலையோ ஏறியது. விலை மறுபடியும் ஏறும் என்று நம்பி அரசாங்கம் கடன் வாங்கியது; கொடுத்தவர்களும் அப்படியே நம்பிக் கொடுத்தார்கள். விலை ஏறவில்லை. 1980-களின் தொடக்கத்தில் உலகெங்கும் வட்டி ஏறியது. பழைய கடனைக் கட்டப் புதுக் கடன் வாங்கவேண்டிய நிலை வந்தது. கந்து வட்டியில் சிக்கிய குடும்பத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கடன் கொடுத்த சர்வதேச நிறுவனங்கள் செலவைக் குறைக்கச் சொல்லின. 1990-களின் தொடக்கத்தில் ஜாம்பியாவின் ஆரோக்கிய நிலையங்களில் நோயாளிகளிடம் கட்டணம் வாங்கும் முறை வந்தது. காய்ச்சலோடு வரும் குழந்தையின் தாய் முதலில் சீட்டுக்குப் பணம் கட்டவேண்டும். 1970-களில் கையெழுத்துப் போட்ட மந்திரியையும் அவளுக்குத் தெரியாது, வங்கியையும் தெரியாது. ஆனால் கட்டியவள் அவள்தான்.

இதைச் சொன்னபோது மூப்பர் தாமாகவே ஒரு வார்த்தை சொன்னார்: "எங்கள் வங்கியில் திருப்பிக் கட்டும் வகை பார்க்காமல் கடன் கொடுத்தால், முதலில் மேனேஜரைத்தான் கேட்பார்கள்." நான் எழுதவேண்டியதில் பாதியை அவரே சொல்லிவிட்டார்!

வேதத்தில் உபாகமம் 15-ம் அதிகாரம் ஏழாம் வருஷத்தில் கடனை விடச் சொல்லுகிறது. லேவியராகமம் 25-ம் அதிகாரம் ஐம்பதாம் வருஷமாகிய யூபிலியில் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுகிறது. இவற்றில் நான் கவனிப்பது ஒன்று: கடன் கொடுத்தவனுக்கு என்றைக்கு மனம் இளகுமோ என்று கர்த்தர் காத்திருக்கவில்லை, நாளைக் குறித்துக் கட்டளையாக்கினார். விடுதலை வருஷம் நெருங்குகிறதென்று கடன் கொடுக்க மறுக்கிறவனையும் அந்த அதிகாரமே எச்சரிக்கிறது. வங்கிக்காரரின் கவலை மோசேயின் காலத்திலேயே இருந்திருக்கிறது.

இந்த யூபிலியை மனதில் வைத்துத்தான் இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழக ஆசிரியர் மார்ட்டின் டென்ட், ஓய்வு பெற்ற தூதர் பில் பீட்டர்ஸ் ஆகிய இருவரும் 1990-களில் 'யூபிலி 2000' இயக்கத்துக்கு வித்திட்டார்கள். சபைகள் அதைத் தாங்கின. 1998 மே 16 அன்று, பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடிய மாநாட்டையொட்டி, பர்மிங்காம் நகரில் ஏறக்குறைய 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். தலைவர்கள் அன்றைக்கு ஊருக்கு வெளியே ஒரு மாளிகைக்குப் போயிருந்தார்கள். ஆனாலும் சத்தம் எட்டியது. அடுத்த வருஷம் கொலோன் நகரில் கடன் குறைப்புத் திட்டம் விரிவாக்கப்பட்டது. 2005-ல் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் இன்னும் பெரிய ரத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். ஏறக்குறைய 700 கோடி டாலராக இருந்த ஜாம்பியாவின் வெளிநாட்டுக் கடன் மிகச் சிறு பங்காகக் குறைந்தது.

2006 ஏப்ரல் 1 அன்று ஜாம்பியா அரசாங்கம் கிராமப்புற மாவட்டங்களில் ஆரம்ப சிகிச்சைக்கான கட்டணத்தை நீக்கியது. பிறகு அது மற்ற இடங்களுக்கும் விரிந்தது. டாக்டர்களும் நர்சுகளும் மருந்தும் போதாமை ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. ஆனால் வாசலில் பணம் கேட்பது நின்றது. நம்முடைய பில் கவுண்டர் அருகே, நகையை அடகு வைக்கப் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களோடு உட்கார்ந்து ஜெபித்திருக்கிற எனக்கு, அது சின்னக் காரியமாகத் தோன்றவில்லை.

இனி வருத்தமான பகுதி. 1979-ல் ருமேனியா, டிராக்டர் முதலிய விவசாய இயந்திரங்களுக்காக ஜாம்பியாவுக்குக் கடன் கொடுத்திருந்தது. 1999-ல், சுமார் 3 கோடி டாலரான அந்தக் கடனை டோனிகல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி 33 லட்சம் டாலருக்குக்கூட எட்டாத விலைக்கு வாங்கியது. பிறகு லண்டன் நீதிமன்றத்தில் 5.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2007-ல் ஏறக்குறைய 1.55 கோடி டாலர் கொடுக்கும்படி தீர்ப்பானது. மற்றவர்கள் விட்டுக்கொடுத்ததால் ஜாம்பியாவின் கையில் மிஞ்சியதை, விட்டுக்கொடுக்காத ஒருவர் அள்ளிக்கொண்டு போனார். இத்தகையவர்களைக் கழுகுகள் என்று அழைக்கிறார்கள். கழுகு பாவம், செத்ததைத்தான் தின்னும்.

பிரச்சாரக்காரர்கள் விடவில்லை. 2010-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. கடன் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த நாடுகளிடம், அத்திட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் அங்குள்ள நீதிமன்றங்கள் மூலம் வசூலிக்க முடியாது. ஆனால் அது பழைய கடன்களுக்கு மட்டுமே.

ஜாம்பியா 2012 முதல் கடன் பத்திரங்கள் விற்று மறுபடியும் கடன் வாங்கியது, சீனாவிடமும் வாங்கியது. அரசாங்கம் தவறே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2020 நவம்பரில், கொரோனா காலத்தில், வட்டித் தவணை கட்ட முடியாமல் நின்றது. மற்ற அரசாங்கங்களோடு 2023-லும், பத்திரம் வைத்திருந்த தனியார்களோடு 2024-லும்தான் உடன்பாடு ஏற்பட்டது. இத்தனை வருஷ இழுபறிக்குக் காரணம், எல்லாக் கடன்காரர்களையும் ஒரே மேசைக்கு அழைக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லாததே.

ஆகையால் இப்போது பிரச்சாரம் செய்கிறவர்கள் ரத்து மட்டும் கேட்பதில்லை. இத்தகைய பத்திரங்கள் பெரும்பாலும் லண்டன் அல்லது நியூயார்க் சட்டத்தின்கீழ் எழுதப்படுகின்றன. அவ்விரு இடங்களிலும் புதிய கடன்களுக்கும் சேர்த்துச் சட்டம் வேண்டும் என்கிறார்கள். அந்த நாடுகளில் உங்கள் பிள்ளைகளோ உறவினரோ குடியுரிமை பெற்று வாழ்ந்தால், தங்கள் தொகுதி உறுப்பினருக்கு இதைக்குறித்து ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.