மோலும் கிராமும்: எண்ணிக்கையும் எடையும்

பதினோராம் வகுப்பு வேதியியலின் முதல் பாடத்திலேயே நம் பிள்ளைகள் திணறுகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் மோல். பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில். நண்பர்களோடு பேச்சு இந்தியில். வீட்டில் கேட்டாலோ, "நாங்க தமிழ் மீடியம், எங்களுக்கு இதெல்லாம் தெரியாதே" என்று பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒதுங்க வேண்டாம். விஷயம் நம் வெற்றிலைத் தட்டிலேயே இருக்கிறது.

வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் வாங்குகிறோம். ஒரு கவுளி என்றால் நூறு. இலை பெரிதோ சிறிதோ, எண்ணிக்கை மாறாது; எடைதான் மாறும். மோலும் அப்படித்தான். அது ஓர் எண்ணிக்கையின் பெயர்: 6022-க்குப் பின்னால் இருபது சைபர், கிட்டத்தட்ட அவ்வளவு! 12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணுக்களோ அத்தனை என்பது பழைய வரையறை. 2019 மே 20 முதல் அந்த எண்ணையே நிலையாக வைத்துவிட்டார்கள். நம் கணக்குக்கு இதனால் வித்தியாசம் இல்லை.

அணுக்களை யார் உட்கார்ந்து எண்ணுவது? அதனால் நிறுத்து எண்ணுகிறோம். ஒரு மோலின் எடை கிராமில் எவ்வளவோ, அதுவே மோலார் நிறை. தண்ணீருக்கு 18, சாப்பாட்டு உப்புக்கு 58.5. கிராமை மோலாக்க அதனால் வகுக்க வேண்டும். மோலைக் கிராமாக்கப் பெருக்க வேண்டும். 90 கிராம் தண்ணீர் 5 மோல்; 2 மோல் உப்பு 117 கிராம். அவ்வளவுதான்.

அப்படின்னா மோல் எதற்கு, கிராமே போதாதா? வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வேண்டுமே, அதையே பார்ப்போம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பும் கரியமில வாயுவும் வரும். ஒன்றுக்கு ஒன்று என்கிறது சமன்பாடு. 25 கிராம் கல்லுக்கு 25 கிராம் சுண்ணாம்பு என்று பிள்ளைகள் எழுதுவது இங்கேதான். அந்த 'ஒன்று' எண்ணிக்கை, எடையல்ல. கல்லின் மோலார் நிறை 100. எனவே 25 கிராம் என்பது 0.25 மோல். சுண்ணாம்பும் 0.25 மோல், அதன் மோலார் நிறை 56. பெருக்கினால் 14 கிராம். மீதி 11 கிராம் வாயுவாகப் போய்விட்டது. கூட்டிப் பாருங்கள், 25 சரியாக வரும்.

இன்று இரவு பிள்ளையைக் கூப்பிட்டு, "இது எண்ணிக்கையா, எடையா?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க ஆங்கிலம் தேவையில்லை.